செல்வியா, திருமதியா, இனிஷியல் யாருடையது? கல்யாணமான பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக் கடனுக்காக ஒரு வங்கியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த அதிகாரி என் ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஆதாரில் கணவர் பெயர் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பானிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர். அவருடைய கணினியிலோ முன்னால் 'மிஸஸ்', பின்னால் ஒரே ஒரு எழுத்து. மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க யாரு மேடம்?" என்றார். கிண்டல் இல்லை. பாவம், அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பத்தை நான் தேடிப் போகவில்லை. கல்யாணமான புதிதில் ஆதாரில் முகவரி மாற்றப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று கல்யாணச் சான்றிதழையும் கையில் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் ஆதார் மையத்தில் இருந்த தம்பி, "கல்யாணம் ஆயிடுச்சாக்கா? அப்ப இனிஷியலையும் சேர்த்து மாத்திடுறேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கையெழுத்தைச் சரிசெய்ய எனக்கு பதினோரு மாதம் ஆனது. நீங்கள் அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். எதுவானாலும் நீங்கள் முடிவு செய்ததாக இருக்கட்டும். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்ததாக இருக்க வேண்டாம்.

1. அடைமொழி வேறு, இனிஷியல் வேறு

செல்வி, திருமதி, குமாரி, மிஸ், மிஸஸ் எல்லாம் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிகள். ஆதார், பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதிலும் இவை அச்சாவதில்லை. உங்கள் கையில் இருக்கும் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். இவை இருக்கும் இடமெல்லாம் விண்ணப்பப் படிவங்கள், வங்கியின் கணினிப் பதிவு, விமான டிக்கெட், கடித உறை, கல்யாணப் பத்திரிகை. அதனால் இவற்றை மாற்ற பெரும்பாலும் ஆவணம் எதுவும் தேவைப்படாது. வாயால் கேட்டால் போதும், சில இடங்களில் ஒரு கடிதம்.

இனிஷியல் அப்படியில்லை. அது பெயரின் ஒரு பகுதி. நம் ஊரில் 'க.' என்று ஒரு எழுத்தாக இருப்பது பானிலும் பாஸ்போர்ட்டிலும் முழுப் பெயராக விரியும். அதை மாற்றுவதற்கு ஆவணம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு.

'திருமதி' என்று போடுவதால் இனிஷியல் மாற வேண்டும் என்பதில்லை. கல்யாணமான பெண் பெயரையோ இனிஷியலையோ மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "மாத்தணும் மேடம், ரூல்ஸ்" என்று யாராவது சொன்னால், எந்த ரூல் என்று பொறுமையாகக் கேளுங்கள். என்னிடம் இதுவரை யாரும் காட்டியதில்லை.

2. ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதுங்கள்

சிரிக்காதீர்கள், இதுதான் எனக்கு ரொம்ப உதவியது. ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி: தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர் (எழுத்துக்கு எழுத்து), இனிஷியலின் விரிவு, விரும்பும் அடைமொழி. மாலதி என்று ஒருத்தி, கணவர் குமார் என்று வைத்துக்கொள்வோம். 'டி'க்குப் பிறகு 'ஹெச்' உண்டா இல்லையா? அப்பா பெயர் கண்ணன் என்றால் எத்தனை 'என்'? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் கல்யாணத்தைக் காட்டி அதை மாற்ற முடியாது. பட்டச் சான்றிதழும் அப்படியே. கணவர் இனிஷியலுக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள். படிப்பு ஒரு பெயரிலும் வாழ்க்கை இன்னொரு பெயரிலுமாக, வேலை மாறும்போதெல்லாம் கல்யாணச் சான்றிதழைச் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அடைமொழி வரியை நிரப்பும் முன்பு கொஞ்சம் யோசித்தேன். கல்யாணம் ஆனதா இல்லையா என்று சொல்லாத ஆங்கில அடைமொழி 'எம்.எஸ்.' எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் நம் ஊரில் அதை வாயால் சொன்னால் 'மிஸ்' என்றுதான் காதில் விழும். "அப்ப கல்யாணம் ஆகலையா?" என்று ஒரு கேள்வி, "ஓ, டீச்சரா?" என்று இன்னொன்று. அதனால் கவுன்டரில் "எம், எஸ், ரெண்டே எழுத்து" என்று பிரித்துச் சொல்லுங்கள், அல்லது தாளைக் காட்டுங்கள்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. 'மாலதி அவர்கள்' என்று போட்டால் மரியாதையும் வந்துவிட்டது, கல்யாணக் கணக்கும் வரவில்லை.

3. கல்யாணத்தைப் பதிவு செய்யும்போதே கவனம்

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். 90 நாளுக்குள் என்றால் கட்டணம் 100 ரூபாய். அதைத் தாண்டி 150 நாள் வரை 150 ரூபாய். சார் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் வேலை.

இங்கே இரண்டு விஷயம். ஒன்று, படிவத்தில் உங்கள் பெயர் கல்யாணத்துக்கு முந்தைய பெயராக, ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். கையெழுத்தும் பழைய கையெழுத்தே. உறவுக்காரர் யாராவது பக்கத்தில் நின்று "இனிமே குமார்னு போடும்மா" என்பார்கள், கேட்காதீர்கள். இரண்டு, சான்றிதழ் கைக்கு வந்தாலே பெயர் மாறிவிடாது. பிற்பாடு மாற்ற நினைத்தால், பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையில் அது ஒரு பாலம், அவ்வளவுதான்.

4. ஆதார்: இங்கேதான் எல்லாம் தொடங்கும்

வங்கி, பான், பி.எஃப். எல்லாமே பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் இதை முதலில் சரிசெய்யுங்கள். நான் முதலில் வங்கிக்குப் போய், அங்கிருந்து பானுக்குத் துரத்தப்பட்டு, அங்கிருந்து ஆதாருக்கு வந்தேன். மூன்று மாதம் வீண்.

பெரிய பொறி: ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம். அந்தத் தம்பி இனிஷியலை மாற்றியது ஒன்று. நான் திரும்ப மாற்றியது இரண்டு. என் கணக்கு தீர்ந்தது. இனி ஓர் எழுத்துப் பிழை என்றாலும் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, ஆதாரின் மண்டல அலுவலகம் என்று போக வேண்டும். ஆகவே "பரவாயில்ல, பின்னாடி பாத்துக்கலாம்" என்கிற பேச்சே இங்கே கூடாது.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டை, நீங்கள் விரும்பும் பெயர் சரியாக உள்ள ஓர் ஆவணத்தின் அசல் (பாஸ்போர்ட், பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போல ஒன்று). அப்பா இனிஷியலுக்குத் திரும்ப நான் காட்டியது பாஸ்போர்ட். கணவர் பெயருக்கு மாறுகிறவர்கள் கல்யாணச் சான்றிதழைக் காட்டலாம். கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய், அதற்கு முன் 50. ரசீதில் உள்ள தொகைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரே தடவையில் பெயரும் முகவரியும் சேர்த்து மாற்றினால் ஒரே கட்டணம்.

ஊழியர் தட்டும்போது உங்கள் பக்கம் திருப்பிய திரை ஒன்று இருக்கும். அதை வாசியுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததும் தமிழ் வரி தானாகவே வந்து விழும், அது விழும் லட்சணம் இருக்கிறதே! என் பெயரில் 'ல'வுக்குப் பதில் 'ள' வந்திருந்தது. "அது ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா" என்றார்கள். ரேஷன் கடையிலும் பட்டாவிலும் தமிழ் வரியைத்தான் பார்ப்பார்கள் என்பதால் விடாமல் திருத்தச் சொன்னேன். ஒப்புகைச் சீட்டு அச்சாகி வந்த பிறகு இன்னொரு முறை படித்துவிட்டு அப்புறம் கையெழுத்து.

முகவரியில் 'டபிள்யூ/ஓ' (இன்னாரின் மனைவி) போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. 'சி/ஓ' (இன்னார் மேற்பார்வை) என்று போட்டு யார் பெயரையும் எழுதலாம்.

எனக்குப் புதுப்பெயர் வர 17 நாள் ஆனது. உங்களுக்குக் கூடக் குறைய ஆகலாம். சீட்டில் உள்ள எண்ணை வைத்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது முடியும்வரை வேறு எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம்.

5. பான்: அப்பா பெயர் மட்டுமே

பானில் கணவர் பெயருக்கென்று தனிக் கட்டமே கிடையாது. கல்யாணமான பெண்ணும் தந்தை பெயரைத்தான் தர வேண்டும் என்று படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. தாய் தனியாக வளர்த்த பிள்ளை என்றால் 2018 டிசம்பரிலிருந்து தாய் பெயரை மட்டும் தரலாம். ஏஜென்ட் யாராவது தந்தை பெயர்க் கட்டத்தில் கணவர் பெயரை எழுதினால் அங்கேயே நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் அட்டையில் கணவர் அப்பாவாகவே அச்சாகி வந்துவிட்டது. வீட்டில் ஒரு வாரம் சிரிப்பு, அப்புறம் இரண்டு மாதம் அலைச்சல்.

நான் நிரப்பிய படிவத்தில் அடைமொழிக்கு நான்கு கட்டங்கள்: ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி, எம்/எஸ். நான்காவதைப் பார்த்ததும் "அட, எம்.எஸ். இருக்கே" என்று டிக் அடிக்கப் போனேன். அது நிறுவனங்களுக்கான 'மெசர்ஸ்'. அடித்திருந்தால் நான் ஒரு கம்பெனியாகியிருப்பேன். ஆகவே ஸ்ரீமதியோ குமாரியோ, இரண்டில் ஒன்றுதான் நமக்கு. அட்டையில் அது அச்சாகாது என்பதால், கல்லூரியில் படிக்கும்போது அடித்த 'குமாரி'யை மாற்றுவதற்காக மட்டும் பணம் செலவழிக்காதீர்கள். பெயர் திருத்தும்போது சேர்த்து மாற்றினால் போதும். அட்டை வீட்டுக்கு வர நான் கட்டியது 107 ரூபாய்.

இனிஷியலை எழுத்தாக விடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயர்தான் வேண்டும் என்றால் பானில் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் நேர் எதிர், அங்கே முதல் பெயர் கட்டத்தில். யார் வேலையோ தெரியவில்லை.

6. வங்கி: ஒரு கடிதம் போதும், ஆனால் சரியான இடத்தில்

அடைமொழி உண்மையாகவே குடியிருக்கும் இடம் வங்கிதான். காசோலைப் புத்தகம், கணக்கு அறிக்கை, வாடிக்கையாளர் சேவையிலிருந்து வரும் போன் எல்லாவற்றிலும் அங்கே பதிந்திருப்பதுதான் வரும். கணக்கில் மாற்றிவிட்டோம் என்பார்கள், அது போதாது. வாடிக்கையாளர் எண்ணின் அடியில் உள்ள பதிவில் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதிதாக ஒரு டெபாசிட் போட்டதும் பழைய 'மிஸஸ்' திரும்பி வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

கடிதம் நான் எழுதியது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"ஐயா / அம்மையீர், என் வாடிக்கையாளர் எண் ______. தங்கள் பதிவில் என் பெயர் ______ என்று உள்ளது. ஆதாரிலும் பானிலும் உள்ளபடி ______ என்று திருத்தவும், பெயருக்கு முன் உள்ள அடைமொழியை ______ என மாற்றவும் வேண்டுகிறேன். இந்தத் திருத்தத்தை என் எல்லாக் கணக்குகளுக்கும் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல்கள் இணைத்துள்ளேன். இக்கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை இட்டுத் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம். (முதல் வரியில் 'அம்மையீர்' எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. கிளை மேலாளர் ஒரு பெண். அதுவரை வந்த எல்லாக் கடிதமும் 'ஐயா' என்றே தொடங்கியதாம்.)

கணவர் பெயருக்கு மாறியவர்களுக்கு: அடையாள ஆவணத்தில் பழைய பெயர் இருந்தாலும், மாநில அரசு வழங்கிய கல்யாணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆவணம் செல்லும் என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாளம் சரிபார்க்கும்) விதியே சொல்கிறது. "எல்லாத்தையும் புதுசா மாத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

திருத்தத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. புது டெபிட் கார்டுக்கு உண்டு, அது வங்கிக்கு வங்கி மாறும். காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப். எல்லாவற்றையும் இதே மாதத்தில் முடித்துவிடுங்கள். பி.எஃப்.-இல் 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் வழியாக யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) வாங்கியவர்கள், 2025 ஜனவரியிலிருந்து பெயர், கணவர் பெயர், திருமண நிலை போன்றவற்றை முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே இணையத்தில் திருத்தலாம்.

7. பாஸ்போர்ட்டும் பயணமும்

பாஸ்போர்ட் பற்றித்தான் வதந்திகள் அதிகம். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. விண்ணப்பத்துக்குக் கல்யாணச் சான்றிதழ் தேவையில்லை. தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும். பிரிந்து வாழ்கிறவர்களும் விவாகரத்து ஆனவர்களும் கணவர் பெயரைத் தர வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் காலாவதி ஆகும்வரை அப்படியே செல்லும். 'கல்யாணம் ஆயிடுச்சு, பாஸ்போர்ட்டை மாத்தணும்' என்று ஓடாதீர்கள். கணவர் பெயரைக் கடைசிப் பக்கத்தில் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், மறுவழங்கல் விண்ணப்பம், 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2000. கணவரோடு வெளிநாட்டில் குடியேற விசா கேட்பவர்களுக்கு அது உதவும். சும்மா சுற்றுலாவுக்கு அவசியமில்லை.

இனிஷியலை இங்கேயும் விரிக்க வேண்டும். குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம், நம் ஆட்கள் பலர் விடுகிறார்கள். அதன் பலன் பின்னால் தெரியும். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்து நிற்கும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு, தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இன்னொரு பக்கத்தில் இருந்தால் சரி என்று விளக்கம் வந்தது. அந்த வாரம் விமான நிலையத்தில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிடுவதே என் யோசனை. அது நம் வழக்கமில்லைதான், ஆனால் கட்டம் நம்மைக் கேட்டு வரையப்படவில்லை.

விமான டிக்கெட்டில் அடைமொழி கட்டாயமாகக் கேட்கும். எம்.எஸ். தேர்ந்தெடுங்கள். சில தளங்களில் 'மிஸ்' என்பது சிறுமிகளுக்கானது, அவசரத்தில் அதைத் தட்டாதீர்கள். போர்டிங் பாஸில் அடைமொழி பெயரோடு ஒட்டி 'மாலதிமிசஸ்' என்று ஒரே சொல்லாக வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டில் அடைமொழியே இல்லை என்பதால் யாரும் அதை ஒப்பிடப் போவதில்லை. பார்ப்பது பெயரைத்தான். ரயில் டிக்கெட்டில் இந்தத் தொல்லையே கிடையாது: பெயர், வயது, பாலினம், முடிந்தது.

8. வாக்காளர் அட்டை, ரேஷன், பட்டா

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8, இலவசம், இணையத்திலேயே போடலாம். உறவு என்ற இடத்தில் தந்தை, தாய், கணவர் எல்லாம் இருக்கும். தந்தை பெயரையே வைத்துக்கொள்ளலாம்.

ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, முதலில் அப்பா வீட்டு அட்டையிலிருந்து நீக்க வேண்டும். நீக்கிய சான்று வாங்காமல் கணவர் வீட்டு அட்டைக்குப் போனால் திரும்பி வருவீர்கள். இனிஷியல் மாற்றம் அங்கே தேவையில்லை.

சொத்துப் பத்திரத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். நம் பத்திரங்களில் 'த/பெ' என்றால் தந்தை பெயர், 'க/பெ' என்றால் கணவர் பெயர். பத்திரம் எழுதுபவர் கல்யாணமான பெண் என்றாலே கை பழக்கத்தில் 'க/பெ' அடிப்பார். பட்டாவில் 'கண்ணன் மகள் மாலதி' அல்லது 'குமார் மனைவி மாலதி' என்று வரும். அப்பா வழியில் வந்த நிலத்துக்கு மகள் என்று இருப்பதே பின்னால் வசதி, மூலப் பத்திரத்தோடு பெயர் பொருந்தும். பதிவுக்கு முன் வரைவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். பதிவான பிறகு ஒரு சொல்லை மாற்றவும் பிழைதிருத்தல் பத்திரம், மறுபடி செலவு.

9. ஆஸ்பத்திரிச் சீட்டு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிரசவத்துக்குப் போனபோது ஓ.பி. சீட்டு போடும் அக்கா, "பேரு சொல்லும்மா... வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டு இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டார். அந்தச் சீட்டிலிருந்துதான் டிஸ்சார்ஜ் சம்மரி, அதிலிருந்துதான் குழந்தையின் பிறப்புப் பதிவில் அம்மா பெயர். நான் கவனித்தது தற்செயல். பக்கத்துப் படுக்கைக்காரர் படிவத்தை உரக்கப் படித்ததால்.

ஆகவே அட்மிஷன் அன்றே ஆதார் நகலைக் கொடுத்து "இதுல இருக்கறபடியே எழுதுங்க, வீட்டுக்காரர் பேரு கூட வர்றவங்க கட்டத்துல போதும்" என்று சொல்லுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். அனுப்பும் முன் படிவத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பெயர், கணவர் பெயர், இரண்டிலும் எழுத்துக்கூட்டல். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையும் பாஸ்போர்ட்டும் அந்த ஒரு தாளில்தான் நிற்கும்.

காப்பீட்டில் பணமில்லாச் சிகிச்சை கேட்டால் பாலிசியில் உள்ள பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

10. பிரிந்தவர்களும் கணவரை இழந்தவர்களும்

அப்பா இனிஷியலோடு இருந்தவர்களுக்கு இங்கே வேலையே இல்லை. கணவர் பெயருக்கு மாறி, திரும்ப வர விரும்புபவர்களுக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல்தான் சாவி. நீதிமன்றத்தில் கேட்கும்போதே மூன்று நான்கு நகல் வாங்கிவிடுங்கள். வழக்கு முடியாமல் இருக்கும்போது மத்திய அரசிதழ் வழியாகப் போனால், விவாகரத்துத் தீர்ப்போ கணவரின் ஆட்சேபணையின்மைக் கடிதமோ கேட்கிறார்கள். இதை எதிர்த்து ஒரு பெண் 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். என் தோழி ஒருத்தி தீர்ப்பு வரும்வரை காத்திருந்து, ஆதாரில் மீதமிருந்த அந்த ஒரே வாய்ப்பைப் பத்திரமாகப் பயன்படுத்தினாள். இரண்டையும் தீர்த்துவிட்டவர்களுக்குப் பாதை நீளம், அதனால் மறுபடி சொல்கிறேன், எண்ணிக்கையை நினைவில் வையுங்கள்.

கணவர் இறந்தபிறகு பெயரை மாற்றும் அவசரம் வேண்டாம். ஓய்வூதியம், காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஒரே பெயரில் முடியட்டும். அடைமொழியைப் பற்றி அவர்களையே கேளுங்கள். என் அத்தையின் கணவர் போன வருடம் தவறிவிட்டார். அதன் பிறகு ஒரு கோயில் அழைப்பிதழில் யாரோ 'நாகரிகமாக' அத்தை பெயருக்கு முன்னிருந்த திருமதியை எடுத்துவிட்டார்கள். "அவரு போனா நான் திருமதி இல்லாம ஆயிடுவேனா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு சிநேகிதிக்கோ 'செல்வி' என்றால் ஆகாது. "ஸ்கூல் மேடையில கவிதை வாசிக்கக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்பாள். அவளுக்கு வெறும் பெயர், இல்லையென்றால் 'அவர்கள்'.

11. வாயால் கூப்பிடுவதை மாற்றுவது

இதற்குக் கட்டணம் இல்லை, காலக்கெடுவும் இல்லை. அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது சுலபம். மின்னஞ்சலின் அடியில் உள்ள பெயர், அடையாள அட்டை, ஹெச்.ஆர். தளத்தின் அடைமொழிக் கட்டம், மூன்றையும் ஒன்றாக வைத்தால் பாதிப் பேர் தானாகவே கற்றுக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு நான் பயன்படுத்தும் வாக்கியங்கள்:

'மிஸஸ் குமார்' என்பவரிடம்: "சார், குமார் வீட்ல இருக்காரு. நான் மாலதி."

'அம்மா' என்று கூப்பிடும் வயதில் மூத்த அலுவலரிடம்: "மாலதினே கூப்பிடுங்க சார், பழக்கமாயிடுச்சு."

பிள்ளையின் பள்ளியில், வாட்ஸாப் குழுவில் 'நிலா அம்மா' என்று பதிந்திருந்தால்: அதை நான் விட்டுவிட்டேன். அது பிடித்திருக்கிறது.

ஆட்டோக்காரரும் காய்கறிக்காரரும் 'அக்கா', 'ம்மா' என்றால் அது உறவுச்சொல், அதில் கல்யாணக் கணக்கு இல்லை. அதோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

12. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், எந்தப் பத்திரிகையானாலும் உங்கள் பெயர் எப்படி வருகிறது என்று புரூஃபிலேயே பாருங்கள். 'திரு. குமார் - திருமதி குமார்' என்று அடித்தால் உங்கள் பெயரே காணாமல் போயிருக்கும். மணமகள் பெயருக்கு முன் 'திருவளர்ச்செல்வி' என்று ஒற்று மிகுந்து வந்தால் அதையும் அடித்துவிடுங்கள். 'வளர்செல்வி' வினைத்தொகை, 'ச்' வராது. தமிழாசிரியர் யாராவது வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். பட்டம், இனிஷியல், இறந்தவர்களுக்கு முன் வர வேண்டியது எல்லாவற்றையும் சம்பந்தப்பட்டவரிடமே வாட்ஸாப்பில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலை. ஆயிரம் பத்திரிகை அடித்து முடித்தபிறகு, பெரியம்மா பெயருக்கு மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்த வீடு எங்களுடையது.